பன்னிரண்டு நாற்பது

கில்டாஸ்,
ஜனவரியில் நீ கேட்டதற்கு
ஆகஸ்டில் பதில் சொல்கிறேன்.

உன் குரல்செய்தி வந்தபோது
சித்ராவில் இரவு மணி ஒன்று.
(சித்ரா ஊர்ப்பேர்தான், பெண்பேர் இல்லை என்று
புதிதாய் வருகிறவனுக்கெல்லாம்
இப்போது நான் சொல்லவேண்டியிருக்கிறது.)
உனக்கு மாலை ஐந்து.
ஏரிமேலேயே நாற்காலி போட்டிருப்பதாகச் சொன்னாய்.
காலடியில் முழ உயரத்துக்கு ஐஸ்,
அதில் சாப்பாட்டுத்தட்டு அகலம் ஒரு துளை,
துளைக்குள் நூல்.
மூக்கு இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றாய்.
கிராப்பி என்று ஒரு மீனாம்,
பகலெல்லாம் சோம்பிக் கிடக்குமாம்,
வெளிச்சம் மங்கும்போது அரைமணி நேரம்
தானாய்த் தேடிவந்து கடிக்குமாம்.
"அங்கன எப்பம்லே கடிக்கி இப்பம்?"

நான் அந்நேரம்
கிரேனில் தொங்கிய பன்னிரண்டு டின்களைத்
தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தேன்,
கட்டி பிடிவிட்டு நழுவட்டும் என்று.
நீயும் ஐஸ்மேல் நின்றாய், நானும் நின்றேன்.
எனக்குக் கை ஒழியவில்லை.

பிறகு ஆளாளுக்கு விசாரித்தேன்.
மொஃபிசுல் விடிவதற்கு முந்தி என்கிறான்,
அவன் ஷிப்ட் மூன்றரைக்கு முடிகிறது.
ரோடெல் போனில் அட்டவணை காட்டி
ஏற்றம் திரும்பும் வேளை என்கிறான்,
அது தினமும் அவன் தூங்கி எழும்
நேரத்துக்கே வந்துவிடுகிறது.
வெல்டர் பாக்கியநாதனுக்கு வெள்ளிக்கிழமை.
மணி எதுவானாலும் சரி.
நாம் இருவரும் இஷா பாங்குக்கு அப்புறம்தான் என்று
ஐந்து வருஷம் அடித்துப் பேசினோமே,
அப்போது நமக்குப் பகல் வேலை.

இனி ஆகஸ்ட்.
பன்னிரண்டிலிருந்து நாலுவரை
வெயிலில் ஆளை நிறுத்தக்கூடாது, சட்டம்.
லாரிகள் வாயை மூடிக்கொண்டு நிற்கும்.
அன்றைக்கு நாற்பத்தொன்றாம் டின்னில் ஓட்டை.
உப்புத்தண்ணி உள்ளே ஏறி
கட்டி இறுகவில்லை, வயிறு வெளுத்து
நடுவில் தம்ளர் அகலத்துக்குக் குழல் விழுந்திருந்தது.
படகுக்காரர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு
தலையை மட்டும் ஆட்டினார்.
ஜெட்டிக்குப் பின்னால் தள்ளினேன்.

கடலா அது,
தலைக்கு ஊற்ற விளாவி வைத்த தண்ணீர்.
கட்டி முங்கி எழுந்து
இரண்டு டயர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டது.
அதனடியில் ஒரு நிழல்.
கண் பழகியபோது நிழலுக்குள் ஓரா.
ஒன்று. அப்புறம் ஏழெட்டு.
எல்லாம் ஐஸைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு,
ஏசிக்கு அடியில் பாய் போடுகிற நம்மைப் போல.

ஓடிப்போய் நூல் கொண்டுவந்தேன்,
காலையில் மீந்த பரோட்டாவை உருட்டி மாட்டினேன்.
பக்கத்தில் போட்டிருக்கலாம்.
வேண்டுமென்றேதான்
அந்தத் துளை வழியாய் இறக்கினேன்.
குப்புறப் படுத்ததில் சிமெண்ட் வயிற்றைச் சுட்டது,
ஐஸில் ஊன்றிய மணிக்கட்டு மரத்தது.
ஒரே உடம்பில் நீ பாதி நான் பாதி.

முதல் கடி, பன்னிரண்டு நாற்பது.
துளையைவிட மீன் அகலம்!
மேலே ஏற்ற முடியாமல்
நூலைத் திருப்பி, கட்டியைச் சுற்றி, கெட்டவார்த்தை சொல்லி
எடுத்தேன். இதை நீ சொல்லவே இல்லை.
அப்புறம் நாலு.
ஒன்று பத்துக்குக் கட்டி இரண்டாய்ப் பிளந்தது,
நிழல் கலைந்தது, மீனும்.

டின்னில் ஓட்டை இருந்தால்
உடனே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.
என் வேலை அது.
இரண்டு நாள் கழித்துத்தான் போட்டேன்.
இரண்டாம் நாள் ஏதோ பெரிசு
நூலை அறுத்துக்கொண்டு போனது.
மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை,
கட்டி கரைவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.
சாயங்காலம் பாக்கியநாதன் ஓட்டையை அடைத்தான்.

உன் ஏரி இப்போது தண்ணீராய்க் கிடக்கும்.
நாற்காலியை
எங்கே போட்டுக்கொள்கிறாய்?